கேவனா பாலமும் மேடைத் தமிழும்

சிங்கப்பூர் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், பழைய தலைமை அஞ்சலகத்தையும் எம்பிரஸ் பிளேஸ் வெளியையும் இணைத்து நிற்கிறது கேவனா பாலம். மாலை ஐந்து மணிக்குமேல் அதன் நடுவே நின்று ஆற்றின் மேல்பக்கம் நோக்குபவருக்குக் கிடைக்கும் காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று. இடப்புறம் போட் கீ என்னும் படகுத்துறை கெண்டைமீனின் வயிறுபோல் வளைந்து கிடக்கிறது. அவ்வளைவை ஒட்டி ஓட்டுக்கூரைக் கடைவீடுகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னே வங்கிகளின் வானுயர் கட்டடங்கள் எழுந்து, சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கும் தாத்தாக்களைப்போல் குனிந்து பார்க்கின்றன. வலப்புறத்தில், இன்று ஆசிய நாகரிக அரும்பொருளகமாக விளங்கும் பழைய அரசு அலுவலகம். அதற்கப்பால் ராஃபிள்சின் வெண்சிலை. நேரே எல்ஜின் பாலம். கதிரவன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்க இறங்க, நீர் முதலில் செம்பாகிப் பிறகு ஈயமாகிறது. சுற்றுலாப் படகு ஒன்று பாலத்தின் அடியில் புகுந்து வெளிவரும்போது எழும் சிற்றலைகள் கரைக்கல்லைத் தொட்டுத் திரும்புவதைத் தவிர வேறு சலனமில்லை. 2008ஆம் ஆண்டில் மரினா தடுப்பணை எழுந்தபின் கடலின் ஏற்றமும் வற்றமும் இவ்விடம் வருவதில்லை. ஆறு ஏரியாகிவிட்டது.

இக்காட்சியைக் கண்டு மகிழ்வது குற்றமன்று. சுற்றுலா என்றாலே முகஞ்சுளித்து, அழகை நுகர்வோரெல்லாம் வரலாறு அறியாதவர் என்று சாடும் கட்டுரையாளர் சிலர் உளர். அவர்களுடைய கூற்று ஏற்கத்தக்கதன்று. இதே ஆற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. சாக்கடையும் பன்றிப்பண்ணைக் கழிவும் படகுத்துறைக் குப்பையும் சேர்ந்து கருநீராய் ஓடிய ஆறு அது. 1977இல் தூய்மைப் பணி தொடங்கிற்று; 1983இல் சரக்குத் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன; 1987இல் பணி நிறைவெய்திற்று. பத்தாண்டு உழைப்பில் மீட்கப்பட்ட நீர்ப்பரப்பின்முன் நின்று ஒருவர் மகிழ்ந்தால் அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆகவே வழக்கு, காட்சியைக் காண்பவர்மீது அன்று, காட்டுகிறவர்மீது.

பள்ளி விடுமுறைக் காலங்களில் ஜொகூரிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் தமிழ்ப்பள்ளிப் பேருந்துகள் சிங்கப்பூருக்கு வருகின்றன. விடியுமுன் புறப்பட்டு, குடிநுழைவுச் சோதனையில் மணிக்கணக்காய்க் காத்துநின்று, இடைவேளையில் நாசி லெமாக் பொட்டலம் பிரித்துண்டு, களைப்போடும் களிப்போடும் வந்திறங்குகிறார்கள் மாணாக்கர்கள். மெர்லயன் சிலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ கேவனா பாலம் வந்துவிடுகிறது. தொங்கு கம்பிகளுக்கிடையில் மாணாக்கர்கள் இரு வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். பள்ளிப்பதாகை விரிக்கப்படுகிறது. படம் எடுக்கப்படுகிறது. தலைகள் எண்ணப்படுகின்றன. ஆசிரியர் ராஃபிள்சின் சிலையைச் சுட்டி, ‘இவர்தாம் இந்நகரைத் தோற்றுவித்தவர்’ என்கிறார். தமிழுணர்வு மிக்கவராயின், ‘ஆனால் அவருக்கு முன்பே இராசேந்திர சோழனின் கப்பற்படை இவ்வழியே சென்றது’ என்றும் சேர்த்துக்கொள்கிறார். கால்களுக்குக் கீழே இருக்கும் பாலத்தை யார் எழுப்பினார் என்று எந்தக் குழந்தையாவது கேட்டுவிட்டால், வெள்ளைக்காரர் என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடுகிறது. பிறகு பேருந்து.

அவ்விடையில் பாதி உண்மை உண்டு. இரும்பு வெள்ளைக்காரருடையதே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பி அண்ட் டபிள்யூ மெக்லெல்லன் என்னும் நிறுவனம் பாலத்தின் இரும்புப் பாகங்களை வார்த்தது. கப்பலேறி வந்த பாகங்கள் ஆற்றங்கரையில் இறக்கப்பட்டு, 1869இல் பாலமாகப் பொருத்தப்பட்டன. இந்திய அரசின் கீழ் நீரிணைக் குடியேற்றங்களை 1859 முதல் 1867 வரை ஆண்ட கடைசி ஆளுநர் கர்னல் ஓர்ஃபர் கேவனாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவருடைய குடும்பச் சின்னத்தை இன்றும் பாலத்தின் இருமுகப்பிலும் காணலாம். வார்த்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஆண்டவர் பெயர் முகப்பில் இருக்கிறது.

அந்த இரும்பைத் தூக்கி நிறுத்திய கைகள் யாருடையவை? இந்தியக் கைதிகளுடையவை. சிங்கப்பூரில் கைதிகளின் உழைப்பால் எழுந்த பெரும்பணிகளில் இறுதியானது இப்பாலமே என்று அந்நாட்டின் மரபுடைமைப் பதிவுகள் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கின்றன. 2019 அக்டோபரில் எல்ஜின், ஆண்டர்சன் பாலங்களோடு சேர்த்து இதனையும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அரசாங்கம் உரக்கச் சொல்லும் உண்மையைத் தமிழ் மேடைதான் முணுமுணுக்கிறது.

மேடை எதைச் சொல்கிறது என்பது யாவரும் அறிந்ததே. கழக ஆண்டுவிழாவாயினும் பொங்கல் விழாவாயினும் பேச்சு 1025இல் தொடங்கும். சோழர் கடற்படை, கடாரம், மலாய் வரலாற்றுக் கதையில் வரும் சூலன் அரசன் என்று மரக்கலம் பாய்விரித்துச் செல்லும். அங்கிருந்து ஒரே தாவலில் 1819க்கு வந்து, ராஃபிள்சோடு கப்பலில் வந்திறங்கிய நாராயண பிள்ளையைத் தொடும். அவர் செங்கற்சூளை வைத்தார், சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்கு வித்திட்டார் என்று முழங்கும். 2019 ஜனவரியில் ஆற்றங்கரையில் ராஃபிள்சின் சிலைக்குப் பக்கத்தில் சில நாள்கள் பிள்ளையின் சிலையும் வைக்கப்பட்டபோது தமிழர் உள்ளம் பூரித்தது. பூரிக்கட்டும், அவர் பெருமைக்குரியவரே. ஆனால் அரசனிலிருந்து வணிகனுக்குத் தாவும் அத்தாவலில் காலடியில் மிதிபட்டவர்களை மேடை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பிள்ளையின் கோயிலுக்கு அடியார்கள் நடந்து செல்லும் அந்தச் சவுத் பிரிட்ஜ் சாலையே 1830களில் கைதிகளைக்கொண்டு போடப்பட்டதுதான்.

அவர்கள் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்வது தகும். 1824இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. 1825 ஏப்ரலில் அவர்கள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் இந்தியாவிலிருந்து நேராகவே கப்பல்கள் வந்தன. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள். காட்டை வெட்டிச் சாலையிட்டார்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்தில் செங்கல் அறுத்துச் சுட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் எழுப்பினார்கள். பாலத்தின் வடமுனையில் நிற்கும் அந்த அரும்பொருளகக் கட்டடத்தின் பழைய பகுதியும் அவர்களுடைய கைவேலையே. பாலத்தின்மேல் நின்று படமெடுப்பவரின் படத்தில் அவ்வுழைப்பு பின்புலமாகவும் விழுகிறது, தரையாகவும் விழுகிறது.

தேவாலயத்தின் சுவர் பூச்சைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த நீரில் கலந்து பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆங்கிலேயர் அதனை ‘மதராஸ் சுண்ணம்’ என்றே எழுதிவைத்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இப்பக்குவம் புதியதன்று. தமிழகக் கொத்தனின் கைமுறை, விலங்கு பூட்டிய கால்களோடு கடல் கடந்து, ஓர் ஆங்கிலத் தேவாலயத்தின் சுவரில் பளபளக்கிறது. இதைவிடச் சுவையான பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கைதிகள் அனைவரும் தமிழர் அல்லர். சென்னை மாகாணத்தார் இருந்தனர். வங்காளத்தாரும் பம்பாய் மாகாணத்தாரும் இருந்தனர். பஞ்சாபில் ஆங்கிலேயரை எதிர்த்த பாய் மகராஜ் சிங் 1850இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டுச் சிங்கப்பூரிலேயே 1856இல் மறைந்தார். ஆகவே, கைதிகளின் வரலாறு காதில் விழுந்த மறுகணமே ‘தமிழன் கட்டிய பாலம்’ என்று முழங்கப் புறப்படுவாரும் முன்னவர்களைப்போலவே பொய்யுரைப்பவராவர். மறைப்பது ஒரு பொய். முழுவதும் தனதென்று வாரிச் சுருட்டுவது இன்னொரு பொய். இரண்டாவது பொய்க்குக் கைதட்டல் அதிகம், வேறுபாடு அவ்வளவே.

இனி, கைதிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாகாது என்போரின் வாதத்திற்கு வருவோம். அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் அது கெட்ட எண்ணத்திலிருந்து பிறப்பதன்று, அச்சத்திலிருந்து பிறப்பது. ‘குண்டர் கும்பல் என்ற பேச்செழுந்தாலே தமிழ் இளைஞனின் பெயர் முன்னால் இழுக்கப்படுகிறது. நாளிதழில் கைவிலங்குப் படம் வந்தால் முகத்தை உற்றுப் பார்க்குமுன்பே இனத்தை ஊகிக்கிறார்கள். ஏற்கெனவே இவ்வளவு சுமையோடு பள்ளிக்கு வரும் பிள்ளையிடம், உன் முன்னோரும் கைதிகளாகத்தான் வந்தார்கள் என்று சொல்லவேண்டுமா? சோழனைக் காட்டி நிமிரச் செய்வதை விட்டு, விலங்கைக் காட்டிக் குனியச் செய்வதா?’ இவ்வாறு வினவும் ஆசிரியர்கள் பலர். அவர்களுள் நல்லாசிரியர்களும் உளர்.

முதலாவது, ‘உன் முன்னோர்’ என்பது தவறு. தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளையின் பாட்டனார் பெரும்பாலும் ரப்பர் காட்டுக்குக் கங்காணி வழியாக வந்தவர், கைதியாக வந்தவரல்லர். அவருக்கும் பாலம் கட்டியவருக்கும் இரத்த உறவு இருந்தாகவேண்டும் என்பதில்லை. இரண்டாவது, சோழனும் அப்பிள்ளையின் பாட்டனல்லன். உறவில்லாத அரசனைப் பாட்டனாக்கிக்கொள்ளத் தயங்காதவர்கள், உறவில்லாத கைதியின் பெயரைக் கேட்டதும் உறவுமுறை பார்ப்பது விந்தையே.

மூன்றாவது சற்று ஆழமானது. இக்கைதிகள் யாவரும் நிரபராதிகள் என்று பசப்பவேண்டியதில்லை. கொலை செய்தவர் இருந்தனர், கொள்ளையடித்தவர் இருந்தனர். ஆனால் சிங்கப்பூர்ச் சிறையின் அமைப்பு அக்காலத்தில் உலகம் வியந்த ஒன்று. கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். புதிதாக வந்தவர் விலங்கோடு வேலை செய்தார். நன்னடத்தையால் படிப்படியாக மேல்வகுப்புக்கு ஏறலாம். விலங்கு கழலும், தொழில் கற்பிக்கப்படும், பிறகு சக கைதிகளுக்கே மேற்பார்வையாளராகலாம், முடிவில் சிறைக்கு வெளியே சொந்தமாய்ப் பிழைக்க உரிமைச்சீட்டும் பெறலாம். பாலம் எழுந்த காலத்தில் கைதிகளுக்குப் பொறுப்பாயிருந்த மெக்நேர் என்னும் பொறியாளர் 1899இல் பெய்லிஸ் என்பாரோடு சேர்ந்து இதனை ஒரு நூலாகவே எழுதினார். கைதிகளே தம் காவலர் என்பது அந்நூற்பெயரின் பொருள். கொல்லன், தச்சன், கல்தச்சன், கொத்தன் என்று கைத்தொழில் ஏந்தி வெளியேறியவர்கள் ஊரில் கலந்து வாழ்ந்தார்கள். 1873இல் எஞ்சியவர்கள் அந்தமானுக்கு மாற்றப்படும்வரை இவ்வேற்பாடு நீடித்தது.

இதைக் கருணை என்று மட்டும் போற்றினால் அது வெள்ளையனுக்கு எழுதும் வாழ்த்துமடலாகிவிடும். காசில்லாமல் கூலியாள் வேண்டியிருந்தது, கைதி கிடைத்தான். மாளிகைகளின் செலவு குறைந்தது. அவன் கணக்கு அதுதான். எனினும் அக்கணக்கின் இடுக்கில் வழுக்கி விழுந்த மனிதர்கள் எழுந்து நின்றார்கள் என்பதையும் மறுக்கவியலாது. ஐந்தாம் ஆறாம் படிவத்தில் படிப்பை முறித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கும் இளைஞனுக்குச் சோழனின் புலிக்கொடியால் என்ன பயன்? அக்கொடியைச் சட்டையில் அச்சிட்டுக்கொண்டே அவன் கும்பலில் சேர்வதைப் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். தவறு செய்து, விலங்கு பூண்டு, தொழில் கற்று, விலங்கு கழன்று, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அசையாத ஒரு பாலத்தை நிறுத்திச் சென்ற மனிதனின் கதை அவன் காதில் ஏறக்கூடும். ஏறாமலும் போகலாம். சொல்லிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஆஸ்திரேலியரைப் பார்க்கலாம். இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பப்பட்ட கைதிகளே அங்கு ஐரோப்பியக் குடியேற்றத்தின் தொடக்கம். குடும்பத்தில் கைதி இருந்ததை ஒருகாலத்தில் அவர்களும் கறையாகக் கருதி மறைத்தார்கள். இன்று அப்படியில்லை. கைதி மூதாதை இருப்பதைக் கண்டுபிடித்து மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறார்கள். பதினொரு கைதியிடங்கள் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. வெள்ளையன் தன் கைதியைக் கொண்டாடலாம். கறுப்பன் தன் கைதியை ஒளிக்கவேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. தமிழ் மேடைதான் தனக்குத்தானே அச்சட்டத்தைப் போட்டுக்கொண்டது.

கைதிகள் மட்டுமா மறைந்தார்கள்? பாலத்தின் அடியில் ஓடிய நீரிலும் ஒரு மறதி உண்டு. இந்த ஆற்றில் சரக்குத் தொங்கான் என்றதும் வில்லைக்கண் வரைந்த சீனப் படகே இன்று நினைவுக்கு வருகிறது. சுற்றுலாப் படகும் அதன் சாயலே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பலுக்கும் கரைக்குமிடையே சரக்கேற்றிய படகுத்தொழில் பெரும்பாலும் சூலியாக்களின் கையில் இருந்தது. சூலியாக்கள் என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்திலேயே ஆற்றின் தென்கரையில் அவர்களுக்கெனச் சூலியா கம்பம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் தொழுத பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையிலும், நாகூர் ஆண்டவர் பெயரால் எழுப்பிய தர்கா தெலுக் ஆயர் தெருவிலும் இன்றும் நிற்கின்றன. பாலம் எழுந்த காலத்தில் அத்தொழில் சீனர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. மேடைத் தமிழர் இவர்களைச் சொல்லாததற்கு வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்லவும் வேண்டும். தமிழர் என்று சொல்லும்போது பேச்சாளர் பலரின் மனக்கண்ணில் திருநீறு பூசிய நெற்றியே எழுகிறது. தொப்பியணிந்த தமிழன் எழுவதில்லை. ஆற்றின் முதல் தமிழன் அவன்தான்.

‘தண்டல்’ என்ற சொல் ஒன்றே போதும் இரு கதைகளையும் கட்டிவைக்க. படகோட்டிகளின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அதே சொல்லை ஆங்கிலேயர் ‘திண்டல்’ என்று திரித்துக் கைதிகளுக்கு மேற்பார்வையாளராய் அமைந்த கைதிக்கும் இட்டார்கள். நீரின்மேல் ஒரு தண்டல். சாரத்தின்மேல் ஒரு தண்டல். சொல்லாராய்ச்சி செய்து ‘சிங்கபுரம்’ தமிழா வடமொழியா என்று மாநாட்டில் மணிக்கணக்காய் வாதிடும் அறிஞர்கள் இச்சொல்லைக் கையில் எடுத்ததுண்டோ?

பழையதைப் பெயர்த்தெறிவதில் நகரமும் பின்தங்கியதன்று. ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெருங்கல் ஒன்று இருந்தது. எவரும் படித்தறியுமுன்பே 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. 1970களின் மறுசீரமைப்பில் அவையும் போயின. இன்று ஆற்றங்கரையில், கணக்குப்பிள்ளை மேசைமுன் அமர்ந்த செட்டியாருக்கு வெண்கலச் சிலை உண்டு. மூட்டை தூக்கும் இந்தியக் கூலிக்கும் ஒரு சிலைத்தொகுதியில் இடமுண்டு. வெடிவைத்த நகரமே வெண்கலம் வார்த்து ஓரளவு ஈடுசெய்திருக்கிறது. நாவால் மட்டுமே தகர்த்தவர்கள் நாவால்கூட ஈடுசெய்ய முன்வரவில்லை.

ஒருகாலத்தில் ‘கிளிங்’ ஸ்திரீட் என்றிருந்த தெரு இப்பாலத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ளது. அச்சொல் இந்தியரை இழித்துரைக்க வழங்கலாயிற்று என்று முறையிட்டு, 1920களின் தொடக்கத்தில் அதனைச் சூலியா ஸ்திரீட் என்று மாற்றச் செய்தார்கள். அக்காலத்தவர்க்கு அரசியலுரிமை ஏதுமில்லை. ஆயினும் ஒரு சொல்லுக்காகப் போராடினார்கள். இழிசொல்லை நீக்கியவர்கள் ஆளை நீக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவமானத்தைப் போக்க அவர்கள் கண்ட வழி, தெருவுக்குத் தம் உண்மைப் பெயரையே கேட்டு வாங்கியது. பேரப்பிள்ளைகளோ அவமானத்தைப் போக்க ஆளையே மறைக்கிறார்கள்.

கற்பிக்க நேரமில்லை என்பது கடைசிச் சாக்கு. பாலமே பாதிப் பாடத்தைத் தானாகச் சொல்லும். அதன் முனையில் ஒரு பழைய காவல்துறை அறிவிப்புப் பலகை உண்டு. மூன்று அந்தர் எடைக்கு, அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் செல்லலாகாது என்கிறது அது. 1910இல் ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டு, கேவனா பாலம் நடப்பவர்க்கென ஒதுக்கப்பட்ட கதை அதில் அடங்கியிருக்கிறது. மாட்டுவண்டி யாருடையது, எதை ஏற்றிச் சென்றது, ஏன் நிறுத்தப்பட்டது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லலாம். பாலம் நீர்மட்டத்திற்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று எட்டிப் பார்க்கச் செய்யலாம். ஓதம் ஏறிய வேளையில் சரக்கேற்றிய தொங்கான்கள் அடியில் நுழைய முடியாமல் நீர் வற்றும்வரை காத்துக்கிடந்தன என்று சொன்னால், அசையாது கிடக்கும் இன்றைய நீர் அவர்கள் கண்ணுக்கு வேறாகத் தெரியும். திறப்பதற்குமுன் பாலத்தின் வலிமையைச் சோதிக்க 120 சிப்பாய்களை அணிவகுத்து அதன்மேல் நடக்கவிட்டார்கள் என்றொரு செய்தியும் உண்டு. கட்டியவனும் இந்தியன், அது தாங்குமா என்று பார்க்க முதலில் ஏற்றப்பட்டவனும் இந்தியன். அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் மாணாக்கரைக் காலடி வைத்து நடக்கச் சொன்னால், எந்தப் பிள்ளைக்கு அது மறக்கும்?

அதன்பின் காட்சியைப் பார்க்கட்டும். ஐஸ்கிரீம் வாங்கித் தின்றபடியே பார்க்கட்டும். வெண்கலச் சிறுவர்கள் ஆற்றில் குதிப்பதுபோல் நிற்கும் சிலையருகே நின்று படமெடுத்துக்கொள்ளட்டும். அரும்பொருளகத்தின் வெண்சுவரில் மாலை வெயில் படிவது உண்மையில் அழகானது. அச்சுவர் யாரால் எழுந்தது என்று அறிந்த கண்ணுக்கு அந்த அழகில் ஒரு துளியும் குறையாது. பாலத்தில் நுழைவுக் கட்டணமில்லை, முன்பதிவில்லை, பூட்டுமில்லை. மெர்லயன் சிலைக்கு முன்னால் வரிசையில் நிற்க ஒதுக்கும் நேரத்தில் அரை மணி போதும். அடுத்த விடுமுறைக்குப் பேருந்துக்கு முன்பணம் கட்டப்போகும் பள்ளிகள் அந்த அரை மணி நேரத்தையும் பயணத் திட்டத்தில் எழுதி வைக்கட்டும். எம்பிரஸ் பிளேஸ் பக்கம் இறங்கி, தெற்கே நடந்து, சூலியா ஸ்திரீட்டில் வந்து ஏறிக்கொள்வதாக ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.